மக்காச்சோளக் கூழ்: வெள்ளி இரவு கரைத்து வைப்பதிலிருந்து ஞாயிறு காலை குடிப்பது வரை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிப் பானை அடுப்பில் ஏறாது. அன்றைக்கு மக்காச்சோளக் கூழ்தான். வாழப்பாடிப் பக்கம் அம்மாயி வீட்டில் இருந்து வந்த பழக்கம் இது. சேலம் டவுனுக்குக் குடிவந்து வருடங்கள் ஓடிவிட்டாலும் நாங்கள் விடவில்லை.

செய்முறை கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ராகிக் கூழ் காய்ச்சத் தெரியும் என்ற தைரியத்தில் மக்காச்சோளத்தில் கை வைக்காதீர்கள். ராகி மாவு கொஞ்ச நேரத்தில் வெந்து, நிறம் மாறி, பதம் காட்டிவிடும். மக்காச்சோளம் கெட்டித்தானியம். மேலே பார்த்தால் கூழ் திரண்டு வெந்ததுபோலவே இருக்கும், உள்ளே குருணை பச்சையாகக் கிடக்கும். கல்யாணமான புதிதில் நானும் அப்படி இறக்கி வைத்து, மறுநாள் காலையில் சட்டியில் தண்ணீர் தனியாகவும் மணல் மாதிரி குருணை தனியாகவும் நின்றதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். அம்மாயியிடம் சொன்னபோது, "கண்ணு, அதுக்கு நேரம் குடுக்கோணும், அவ்வளவுதான்" என்றார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நேரத்தை எங்கெங்கே கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியதுதான்.

எந்தச் சோளம், எங்கே வாங்குவது

எங்கள் பக்கம் பெரியவர்கள் வெறுமனே சோளம் என்றால் அது வெள்ளைச் சோளம். கம்பும் ராகியும் அதுவும்தான் இந்த ஊரின் பழைய கூழ்த் தானியங்கள். மக்காச்சோளம் பின்னால் வந்தது. மெக்சிகோ பக்கத்தில் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பயிரான தானியம், ஐரோப்பியர்கள் அமெரிக்கா போய் வந்த பிறகுதான் கடல் தாண்டி மற்ற நாடுகளுக்குப் பரவியது. நம் ஊர்ப் பெண்கள் அதை வெள்ளைச் சோளத்தைக் கையாண்ட அதே முறையில், தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, குருணையாக்கிக் காய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கைத்திறன் மேல் பெரிய மரியாதை உண்டு. எங்கிருந்தோ வந்த தானியத்தை, கையில் இருந்த பக்குவத்தைக் கொண்டே தங்கள் சட்டிக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், வாழப்பாடி என்று சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் மக்காச்சோளம் நிறையவே விளைகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்குப் போய்விடும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடமே இதுதான். தீவனத்துக்கு என்று குவித்து வைத்த சோளம் ஈரம் சரியாக உலராமல் பூஞ்சை பிடித்திருக்கலாம். ஒரு கை அள்ளிப் பாருங்கள். மணியின் நுனியில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், முகர்ந்தால் மக்கிய வாடை அடித்தால், மூட்டை முழுவதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில பூஞ்சைகள் விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. கழுவிக் காயவைத்து உபயோகிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். விதைக்கடையில் விற்கும் விதைச் சோளத்தை எந்தக் காரணத்துக்கும் சமைக்கக் கூடாது. அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ வேறு சாயத்திலோ இருக்கும். விதைத்து மீந்ததை வீணாக்கக் கூடாது என்று நினைத்து அரைத்துவிடாதீர்கள்.

நல்ல மணி எப்படி இருக்கும்? பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். மாவாக நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மழைக்கு விதைத்த சோளம் மார்கழி, தை மாதங்களில் களத்துக்கு வரும். அப்போது தெரிந்த விவசாயியிடம் நேரடியாக வாங்கி, மொட்டை மாடியில் 3 நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பது என் வழக்கம். அது முடியாதவர்கள் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் தானியக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரரிடம் "சாப்பிடத்தான் வாங்குறோம்" என்று சொல்லியே வாங்குங்கள். அவித்துத் தின்னும் ஸ்வீட் கார்ன் இதற்கு உதவாது. அதில் மாவுச்சத்து குறைவு, கூழ் திரளாது.

மில்லில் உடைப்பது

மில்லுக்குக் கொண்டுபோகக் குறைந்தது 2 கிலோவாவது வேண்டும். சோளத்தைப் புடைத்து, கல் பொறுக்கி, ஒரு தடவை அலசி, நிழலிலும் வெயிலிலுமாக நன்றாக உலர்த்துங்கள். மில்காரரிடம் "ரவை மாதிரி உடைச்சுக் குடுங்க, மாவாக்கிடாதீங்க" என்று சொல்லுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்ததாகப் போடவிடாதீர்கள். காரம் கூழில் ஏறினால் ஒன்றும் செய்ய முடியாது. அரிசியோ ராகியோ அரைத்து முடியும் வரை பொறுத்திருந்து போடுவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் சல்லடையில் சலியுங்கள். கீழே விழுவது மாவு, மேலே நிற்பது குருணை. குருணையோடு கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய தோல் இருக்கும். அதை முறத்தில் புடைத்துத் தள்ளுங்கள். இந்தத் தோல்தான் தொண்டையில் அறுப்பது. முறம் பிடிக்கத் தெரியாதவர்கள் குருணையைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் தோல் மேலே மிதக்கும், சாய்த்து ஊற்றிவிடலாம். ஆனால் இதை அன்றைக்குச் சமைக்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

மிக்ஸியில் செய்யலாமா என்று கேட்பார்கள். காய்ந்த மணியை அப்படியே போட்டால் பிளேடு மழுங்கிவிடும். தண்ணீர் தெளித்து 15 நிமிடம் மூடி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு ஓடவிட்டால் தோல் கழன்று உடையும். ஒரு தடவை செய்து பார்க்க அது போதும். வாரா வாரம் செய்வதானால் மில்தான் வழி.

உடைத்த சோளம் ரொம்ப நாள் தாங்காது. மக்காச்சோள மணியின் முளைப்பகுதியில் எண்ணெய் அதிகம். உடைத்ததும் காற்றுப் பட்டு அது காறல் வாடை அடிக்கத் தொடங்கும். வெளியில் வைத்தால் 2 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கசப்புத் தட்டும் கூழுக்குப் பாதி நேரம் காரணம் இந்தப் பழைய மாவுதான்.

வெள்ளி இரவு: புளிக்க வைப்பது

இனி வரும் அளவு 4 பேர் வயிறாரக் குடிப்பதற்கு. 200 மில்லி டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே அளந்துகொள்ளுங்கள். குருணை 1 டம்ளர், மாவு அரை டம்ளர். மொத்தத் தண்ணீர் ஏழரை டம்ளர்.

மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண்சட்டியிலோ பீங்கான் பாத்திரத்திலோ ஊற்றி மூடி வையுங்கள். உப்பு போட வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்க வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தைத் தின்னும். போன வாரத்துக் கூழ்த் தண்ணீரோ ஒரு கரண்டி மோரோ சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும்.

எவ்வளவு நேரம் என்பது ஊரைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் சேலத்தில் சனிக்கிழமை காலையில் கரைத்தாலே மாலைக்குள் புளித்துவிடும். மார்கழியில் வெள்ளி இரவே கரைக்க வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் அரை நாள் கூடவே ஆகும். சிறு குமிழ்கள் மேலே வந்து, முகர்ந்தால் மோர் மாதிரி இதமான புளிப்பு வாசம் வந்தால் சரி. மேலே நிறத்தோடு ஆடை படர்ந்தாலோ அழுகிய வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

சனி மாலை: அடுப்படி

சமைப்பதற்கு 2 மணி நேரம் முன்னால் குருணையை ஊறப்போடுங்கள். மதியமே ஊறப்போட்டால் இன்னும் நல்லது. ஊறிய மணி உள்வரை ஈரம் வாங்கி ஒரே சீராக வேகும். மாவு கரைத்தது போக மீதி உள்ள 6 டம்ளர் தண்ணீர்க் கணக்கில் ஊறும் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிகனமான பாத்திரம் எடுங்கள். எங்கள் வீட்டில் பெரிய மண்சட்டியும் களி கிண்டும் துடுப்பும்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அரை ஸ்பூன் கல்லுப்பு போட்டு, குருணையைத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, கை விடாமல் கிளறுங்கள். முதல் 5 நிமிடம் விட்டுவிட்டால் அடியில் கட்டிவிடும். திரண்டு வரத் தொடங்கியதும் தீயைச் சிறிதாக்கி, மூடி போட்டு, 3 நிமிடத்துக்கு ஒரு தடவை அடிவரை துழாவிவிடுங்கள். இப்படி 30 நிமிடம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மக்காச்சோளக் கூழ் கொதிக்கும்போது எரிமலை மாதிரி கொப்புளம் விட்டுத் தெறிக்கும். அது தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். நீளமான துடுப்பு, முழுக்கைச் சட்டை, குழந்தைகள் அடுப்புக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். தெறிக்கிறது என்றால் தீ அதிகம் என்று பொருள்.

30 நிமிடம் ஆனதும் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். பொட்டு மறைந்த பிறகே புளித்த மாவை ஒரு தடவை நன்றாகக் கலக்கி, மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். முதலிலேயே ஊற்றினால் கூழ் உடனே இறுகி, குருணைக்கு வேக இடம் இருக்காது. என் முதல் கூழ் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மாவு சேர்த்தபின் மேலும் 15 நிமிடம்.

பதம் பார்ப்பதற்கு அம்மாயி சொல்லிக்கொடுத்த வழி: விரலைத் தண்ணீரில் நனைத்துக் கூழின் மேல் லேசாகத் தொட வேண்டும். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. பளபளப்பும் கூடியிருக்கும். பச்சை மாவு வாடை போய், நெருப்பில் வாட்டிய கதிரின் வாசனை லேசாக எழும். அந்த வாசனை வரும் வரை இறக்காதீர்கள்.

ஏற்காட்டில் சமைப்பவர்கள் மேலே சொன்ன நேரத்தோடு 10, 15 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்வைக்குக் கொதிப்பு ஒன்றுதான், சூடு குறைவு. மலையில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்த எங்கள் சித்தி, "இங்க பருப்பே வேகமாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வார். காரணம் இதுதான்.

குக்கரில் வைக்கலாமா? வைக்கலாம். குருணையை மட்டும் தண்ணீரோடு 5 விசில் விட்டு, அழுத்தம் தானாக இறங்கிய பின் திறந்து, மாவை ஊற்றித் திறந்த பாத்திரத்திலேயே கிளறுங்கள். வேலை பாதியாகக் குறையும். ருசியில் எனக்குக் கொஞ்சம் குறை தெரியும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குறை பரவாயில்லை.

அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேல் கூழை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரவு முழுக்க

இறக்கிய கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மண்சட்டிக்கு மாற்றி, மேலே 2 விரல் உயரத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கூழோடு கலக்க வேண்டாம். வெள்ளைத் துணியால் வாய் கட்டி, ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ராத்திரியில் கூழ் இறுகும், அதன் புளிப்பு மேல்தண்ணீரில் இறங்கும். அந்த நீராகாரத்தை விடியலில் எழுந்ததும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் எங்கள் தாத்தா காட்டுக்குப் போவார்.

ஞாயிறு காலை

மேல்தண்ணீரைத் தனியாக வடித்து வையுங்கள். கழுவிய கையால் கூழை உடையுங்கள். கரண்டியால் உடைத்தால் கட்டி மறைந்திருக்கும், கைக்குத்தான் தெரியும். தேவையான உப்பு, வடித்த தண்ணீர், 2 டம்ளர் கடைந்த மோர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கரையுங்கள். சின்ன வெங்காயம் 15 பொடியாக நறுக்கி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டால் முடிந்தது. சொம்பில் ஊற்றினால் விழ வேண்டும், ஆனால் தண்ணீராக ஓடக் கூடாது.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மக்காச்சோளத்துக்கு இயற்கையிலேயே ஒரு மெல்லிய இனிப்பு இருக்கிறது. கம்பங்கூழுக்கு வெறும் வெங்காயம் போதும், இதற்குக் காரமும் புளிப்பும் வேண்டும். சுட்ட கருவாடு, மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல் எல்லாமே நன்றாக இருக்கும். சித்திரையில் சேலத்தில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை, கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஆளுக்கு ஒரு பத்தை. ஆனால் என் முதல் இடம் கொள்ளுத் துவையலுக்குத்தான்.

அரை டம்ளர் கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை சிறுதீயில் வறுங்கள். காய்ந்த மிளகாய் 5, பூண்டு 6 பல், நெல்லிக்காயில் பாதி அளவு புளி, ஒரு கை தேங்காய், உப்பு. அம்மியில் கரகரப்பாக அரைக்க வேண்டும். மிக்ஸியானால் தண்ணீர் தெளித்துத் தெளித்து. வழுவழுப்பாகிவிட்டால் அது சட்னி. ருசி ஒருபக்கம் இருக்க, இன்னொரு பொருத்தமும் இதில் உண்டு. மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு, பயறு வகைகளிலும் மோரிலும் அது நிறைய இருக்கிறது. கூழ், மோர், கொள்ளு மூன்றும் ஒரே இலையில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கிறது.

சுண்ணாம்பு போடுவது பற்றி

மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கழுவித்தான் அரைப்பார்கள். தோல் கழன்று வருவது கண்ணுக்குத் தெரியும் பலன். தெரியாத பலன், மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும் நிலைக்கு வருவது. ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. சோளத்தையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. 1735-இல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் காசால் அதை முதலில் விவரித்தார். காரணம் நியாசின் குறைவு என்று உறுதியாக 1937 வரை ஆயிற்று.

வாரம் ஒரு நாள், அதுவும் மோரோடும் கொள்ளோடும் குடிக்கிற நமக்கு அந்தப் பயம் வேண்டாம். செய்து பார்க்க விரும்பினால் 1 கிலோ முழுச் சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் வாசனையோ நிறமோ சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடாது. 40 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகத் தேய்த்து 4 தண்ணீர் அலசுங்கள். பிறகு கிரைண்டரில் கொரகொரப்பாக அரைத்துக் கஞ்சி காய்ச்சலாம். புளிக்க வைக்கும் கூழுக்கு இது சேராது, சுண்ணாம்பு புளிப்பை அமுக்கிவிடும்.

மலைக்கு ஏற்ற சூடான கஞ்சி

ஏற்காட்டுக் குளிரில் காலையில் புளித்த கூழ் யாருக்கும் இறங்காது. சித்தி வீட்டில் புளிக்க வைக்கவே மாட்டார்கள். ஊறிய குருணை 1 டம்ளருக்கு 8 டம்ளர் தண்ணீர், தட்டிய பூண்டு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு ஒரு மணி நேரம் அடுப்பில் மெதுவாகக் கிடக்கும். இறக்கும்போது காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் படரும் கொடியின் மிளகை நுணுக்கித் தூவுவார்கள். சூடாகக் குடித்தால் காது மடல் வரை சூடேறும். குழந்தைகளுக்கு அதிலேயே ஒரு பங்கு எடுத்து, மிளகு போடாமல், பாலும் நாட்டுச் சர்க்கரையும்.

மீந்தால்

கரைத்த கூழை மதியத்துக்குள் குடித்துவிட வேண்டும். கரைக்காத கூழ் மீந்தால், தினமும் தண்ணீர் மாற்றி இன்னொரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். நல்ல வெயில் காலமாக இருந்தால் நான் வேறு செய்வேன். மீந்த கூழில் சீரகம், அரைத்த பச்சை மிளகாய், கொஞ்சம் உப்பு கலந்து, மாடியில் ஈரவேட்டி விரித்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்துவிடுவேன். முதல் நாள் மாலை துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, தட்டில் பரப்பி இன்னும் 2 நாள் காயவைத்தால் வற்றல். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்கு அதையே பொரித்துக்கொள்ளலாம்.